ரிக்‌ஷா பலகை விவகாரம்

கிர்க்கி, பூனா – 3
12 ஆகஸ்ட் 1998

அன்பு மகள் ஹெலினாவுக்கு,

நான் சொன்னபடியே நடந்தது, அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது. உன் மகள் ரெனியின் விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நீ ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. இது இப்படித்தான் முடியும் என்று நான் ஜூன் மாதமே சொன்னேன், சித்தியிடம் கேட்டால் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பாள், அவளுக்கு ஞாபகமறதி. கர்த்தர் இரக்கத்தால் நாங்கள் மூன்று பேரும் சுகம், மஸ்கட்டில் உன்னையும் மாப்பிள்ளையையும் அவரே வெயிலிலிருந்து காத்துக்கொள்வாராக.

போன வாரம் ஐ.எஸ்.டி. பூத்தில் நான் பதறிப்போய்ப் பாதிதான் சொன்னேன், முழுதும் சொல்கிறேன் கேள். ரெனி போகிற ஸ்கூல் ரிக்‌ஷாவில் ஓட்டுகிறவன் குறுக்கே ஒரு மரப்பலகை போட்டிருக்கிறான், சீட்டில் இடம் இல்லாத பிள்ளைகள் அதில் உட்காரவேண்டும். ஏழாம் வகுப்பு அனகா என்று ஒருத்தி, வகுப்பு மானிட்டர் வேறு, அவளும் அவள் கூட்டாளிகளும் பள்ளி திறந்த நாளிலிருந்து நம் பிள்ளையைத்தான் பலகைக்குத் தள்ளுவார்களாம், எல்லாப் பையும் இவள் மடியில்தானாம், இவள் வாயைத் திறந்தால் அண்டு குண்டு, அண்டு குண்டு என்று தமிழைக் கேலி பண்ணுவார்களாம். ரெனி நம்மிடம் மூச்சு விடவில்லை. போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இறங்குகிறபோது அனகா இவள் டிபன் டப்பாவைப் பிடுங்கி ரோட்டில் வீசியிருக்கிறாள், இவள் கேட்டுக்குள்ளே துரத்திப்போய் வாட்டர் பாட்டிலால் ஒரு போடு போட்டுவிட்டாள். அனகாவுக்கு நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், தேங்காய் அளவு என்றும் சொன்னார்கள். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கேலி பண்ணியது ரோட்டில், அது எங்கள் கணக்கில் வராது, அடித்தது கேட்டுக்கு உள்ளே, அதற்கு டி.சி. கூடக் கொடுக்கலாம், வியாழக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் முடிவு செய்வார் என்று சொல்லிவிட்டாள். சர்க்கார் பள்ளிக்கூடத்துச் சட்டம் எப்படி இருக்கிறது பார், அடிபட்ட வீக்கம் கண்ணுக்குத் தெரியும், இரண்டு மாதம் பலகையில் உட்கார்ந்தது தெரியாது.

அதைவிடப் பெரிய தொல்லை ரெனி வாய் திறக்க மாட்டேன் என்றது. சொன்னால் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள், என்னால் வீடு கட்டுவது நின்றுபோகும் என்று தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். சித்தி கெஞ்சினாள், பாஸ்டர் வந்து ஜெபித்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான்தான் உட்கார்ந்து, உன் அம்மாவையும் இதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படித்தான் படுத்தினார்கள், அவள் தனியாக ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய் ஒவ்வொரு பேராகச் சொல்லிவிட்டு வந்தாள் என்று சொன்னேன். இந்த இடத்தில் நீ புருவத்தைச் சுருக்குவாய், சுருக்காதே, பொறு. நான் சொல்லச் சொல்ல ரெனி தலையணையை விட்டுத் தலையைத் தூக்கினாள், நிஜமாகவா தாத்தா என்றாள்.

வியாழக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு போனேன், என்னைப் பார்த்துப் பியூன் எழுந்து சல்யூட் அடித்தான். அனகாவின் அப்பா ஔந்திலிருந்து காரில் வந்திருந்தார், பிள்ளைகள் விளையாட்டு, நாம் ஏன் பெரிதுபடுத்தவேண்டும் என்று சிரித்தார். நான் எட்டாவது படித்த இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்தேன், கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் சப்னீஸ் மேடம், ஆஜோபா, தும்ஹி தாம்பா என்றார், தாத்தா, நீங்கள் கொஞ்சம் பொறுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு ரெனியைப் பக்கத்தில் நிறுத்தி, காய் ஜாலா பேட்டா, என்ன ஆச்சு கண்ணு என்று கேட்டார். பிள்ளை மராட்டியில் ஆரம்பித்தது பார், பலகை, பை, அண்டு குண்டு, டப்பா, யார் யார் என்று எல்லாப் பேரும் சொல்லிவிட்டு, பாட்டிலால் அடித்தது நான்தான், அது தப்பு என்றும் அவளே சொன்னாள். அனகாவின் அப்பா சிரிப்பை நிறுத்தி மகளைத் திரும்பிப் பார்த்தார். யூனிஃபார்ம் உடம்பில் இருக்கும்வரை ரோட்டில் இருந்தாலும் ரிக்‌ஷாவில் இருந்தாலும் இதுகள் என் பிள்ளைகள் என்று மேடம் டீச்சரிடமே சொல்லிவிட்டார். அனகாவுக்குத் தீபாவளி வரை மானிட்டர் பேட்ஜ் கிடையாது, நம்மவளுக்கு ஒரு வாரம் விளையாட்டு பீரியட் கிடையாது, பலகையில் இனி முறை வைத்து எல்லாரும் உட்காரவேண்டும், டி.சி. பேச்சே இல்லை. திங்கட்கிழமை அனகாவே பலகையில் உட்கார்ந்து போனாளாம். இன்னும் இவளிடம் பேசவில்லையாம், பேசாவிட்டால் போகிறது. நேற்று ராத்திரி இரண்டு சப்பாத்தி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், சித்தி அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விடவில்லை, சித்திக்கு முழங்கால் வலி, ஆனால் கோயிலுக்கு மட்டும் ஓட்டம்தான். நீ வேளைக்குச் சாப்பிடு, லேபில் நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு அதையே சாப்பாடு என்று சொல்லாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பார்.

இனி அந்தப் புருவ விஷயம். நீ எந்த ஹெட்மாஸ்டர் ரூமுக்கும் போகவில்லை. உன்னைக் கருவாடு என்று கூப்பிட்டதையே நீ கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் சித்தியிடம் சொன்னாய், அன்று நான் அடுத்த அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரெனியிடம் சொன்னது என் சொந்தச் சரக்கு. போனில் அவள் பக்கத்திலேயே நிற்பாள், உனக்குச் சொல்ல வழியில்லை, அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் கேட்கப்போகிறாள், ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றபோது உனக்குக் கால் நடுங்கியதா என்று. நடுங்கியது என்று சொல் மகளே, அவளுக்கும் நடுங்கியதாம்.

உன் சித்தப்பா,
சிரில்