வான்கோமைசின் ஏறிய வாரம்

14-10, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அறந்தாங்கி பஸ்ஸில் நின்றபடியே காலேஜ். இரண்டாம் ஆண்டுக்கு பாக்டோபிரினால் பாடம். பாக்டீரியா தன் சுவரைக் கட்டக் கல் சுமக்கும் கொழுப்பு மூலக்கூறு. உள்ளே ஏற்றி, சவ்வைத் தாண்டி வெளியே இறக்கி, வெறுங்கையோடு திரும்பி, மறுபடி ஏற்றி. ஒருத்தி கேட்டாள்: "அதுக்கு லீவே கெடையாதா மேம்?" வகுப்பே சிரித்தது. எனக்குக் கொட்டாவி.

சாயங்காலம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். சவுதியிலிருந்து லீவில் வந்த வாரமே ஆணி குத்திய கால். சுகர் வேறு. மாதக் கடைசிக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும். "ஆறிப்போச்சு, விடு" என்றார். கட்டைப் பிரித்தேன். நாற்றம்.

15-10, செவ்வாய்
புதுக்கோட்டை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டாக்டர் கேட்டார்: "முன்னாடி குடுத்த மாத்திரைய முழுசா சாப்பிட்டீங்களா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. "பாதி சார். மிச்சத்தப் பெட்டியில வச்சிருக்கேன். சவுதியில டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்க மாட்டான். ரூம்ல யாருக்காச்சும் ஆகும்ல."

ஊறுகாய், கருவாடு, ஆண்டிபயாடிக். எங்கள் பக்கத்துப் பெட்டியெல்லாம் அப்படித்தான் போகிறது. ஆனால் என் வீட்டிலுமா? இதைச் சொல்லிக்கொடுத்துத்தானே சம்பளம் வாங்குகிறேன்! டாக்டர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

17-10, வியாழன்
வாங்க: பிளாஸ்க், துண்டு, பாப்பாவுக்கு ரப்பர். காலேஜுக்கு லீவு சொல்ல.

புண்ணில் எடுத்த சீழின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. அந்த மாத்திரைக்கு அடங்காத கிருமி. வான்கோமைசின் டிரிப்.

"இது என்னா பண்ணும்?"

"சுமந்துட்டு வந்த கல்லப் புடிச்சுக்கும். எறக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. செவுரு எழும்பாது."

"அட பாவமே."

கிருமிக்குப் பாவம் பார்க்கிறார்! சிரிப்பு வந்து தொலைத்தது. உடனே கேட்டார்: "மாசக் கடைசிக்குள்ள போயிருவேன்ல?" பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனேன். இடுப்பு விட்டுப்போகிறது.

19-10, சனி
நேற்று ஆபரேஷன். இரண்டு விரல் போயிற்று. கால் பிழைத்தது. "இந்த மாசம் பயணம் ஆகாதுங்க" என்றார் டாக்டர். இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பார்க்காத மாதிரி ஆரஞ்சு உரித்தேன்.

மத்தியானம் என் தம்பி பாப்பாவைக் கூட்டிவந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அப்ப போகலையாப்பா? இங்கயே இருப்பியா? ஹை!"

வாயைப் பொத்தி வராண்டாவுக்கு இழுத்துப்போய் ஒரு அடி வைத்தேன். "எதுக்கும்மா அடிக்கிற?" என்று அழுதாள். எனக்கும் அதே சந்தோஷம்தான்.