நிருஜன் விதைத்த புல்வெளி

பெப்ரவரி 9, 2024

பூங்கா வேலியில் கவுன்சில் அறிவித்தல் கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிறின்சிதான் வாசித்துச் சொன்னாள். மார்ச்சில் நிருஜனுடைய புல்வெளிக்கு நெருப்பு வைக்கப்போகிறார்களாம். பிறகு மாடும் விடுவார்களாம்.

என்ரை பிள்ளை விதைத்தது. பூங்கா வேலைக்குச் சேர்ந்து அவன் செய்த முதல் வேலை. அமெரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் பூவுமாய்க் கிடக்குமாம், பிரேரி என்பான். லண்டன் செவன் கிங்ஸில் ஒரு துண்டு அமெரிக்கா அம்மா என்று சிரிப்பான். போன யூனில் நெஞ்சு நோகுது என்று படுத்தவன் எழும்பவில்லை.

நெருப்பா?

பெப்ரவரி 12

சேஷாத்ரியிடம் போனேன். பூங்கா வேலையில் நிருஜனுக்கு மேலே இருந்தவர், மதுரைப் பக்கத்து மனிதர். இந்த ஊர்ப் புல் குளிரிலேயே வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடுமாம். நிருஜன் போட்ட செடிகள் இப்போது மண்ணுக்கடியில் தூங்குகின்றனவாம், எரித்தால் புல்தான் அடங்குமாம், மிச்சத்தை மாடு பார்த்துக்கொள்ளுமாம். "அவன் இருந்தாலும் இதைத்தாம்மா செய்வான்" என்றார்.

"அவனை ஒருக்கா எரிச்சது காணாதோ?" என்று கேட்டேன்.

மனிசன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பெப்ரவரி 13

நித்திரை இல்லை. அடுப்பை நிற்பாட்டினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

பெப்ரவரி 24

பிறின்சியும் நானும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். அவளுக்குக் கொடியில் காயும் உடுப்பில் புகை பிடிக்கும் என்ற கவலை. "லண்டனுக்கு வந்தும் சாணி மிதிக்கவோ தவமக்கா?" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 5

நிற்பாட்டிவிட்டார்கள். நெருப்பும் இல்லை, மாடும் இல்லை. பிறின்சி கேக் கொண்டுவந்தாள், வென்றிட்டமாம். எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலவில்லை. கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

யூன் 16

புல் இடுப்பளவு. வடிவுதான். பூவைத்தான் காணவில்லை. பிந்தித்தானே வரும் — பாப்பம்.

ஓகஸ்ட் 18

போன வருசம் இந்த நேரம் மஞ்சளும் ஊதாவுமாய் நின்றது. துக்கம் விசாரிக்க வந்த சனம்கூட நின்று பார்த்துவிட்டுப் போனது. இந்த முறை அங்கொன்று இங்கொன்று. கத்தரிக்கோலோடு குந்தியிருந்து புல்லை வெட்டினேன். முடிகிற வேலையா அது? கையால் இழுத்தேன். புல்லோடு அவன்ரை செடியும் வந்தது. வேரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

என்ன செய்தனான்? காப்பாத்திறன் எண்டு மூச்சுத் திணற விட்டிட்டன்.

ஓகஸ்ட் 19

சேஷாத்ரியிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "மாட்டை விடுங்கோ. மார்ச்சில எரியுங்கோ. சனத்தோட நான் கதைக்கிறன்."

எரிக்கிற அன்றைக்கு வருவீங்களா என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நிருஜனை எரிக்கும்போது நான் போகவில்லை. இங்கே பெண்களும் போகிறார்கள்தான். எங்கட வழக்கமில்லை என்று அண்ணை விடவில்லை. வாசலோடு நின்றுவிட்டேன்.

ஓகஸ்ட் 25

திரும்பவும் வீடு வீடாக. பிறின்சிக்குக் கோபம். "வேண்டாமெண்டதும் நீங்கள், இப்ப வேணுமெண்டதும் நீங்கள்." ஆனாலும் கூடவே வந்தாள்.

ஒக்ரோபர் 14

மாடுகள் வந்துவிட்டன. நான் கத்தரிக்கோலோடு குந்தியிருந்த இடத்தைக் காலைக்குள்ளேயே தின்று முடித்தன. பிறின்சி வாழைப்பழத் தோலோடு வேலியடியில் நிற்கிறாள்.

மார்ச் 11, 2025

எரித்தார்கள். சேஷாத்ரி மஞ்சள் மேலங்கி தந்து, ஓரத்தை நனைக்கும் தண்ணீர்க் குழாயையும் என் கையில் தந்தார். காய்ந்த தண்டுகள் படபடவென்று பொரிந்தன. நெருப்பு தரையோடு தரையாய் ஓடியது. நான் முகத்தைத் திருப்பவில்லை. கடைசிப் புகை அடங்கும்வரை நின்றேன்.

அண்ணை போன் எடுத்து, செத்தவீட்டால் வந்தமாதிரி வந்த கையோடு முழுகினியோ என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. இருக்கட்டும்."

மார்ச் 12

வெயில் கட்டிலுக்கு வந்த பிறகுதான் முழித்தேன். தலையணையில் புகை மணம்.