கோழிக்கூட்டை மூடச் சொன்ன விண்வெளிக்காரன்

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை மகள் தன் கணினியில் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு மனிதன் விண்கலத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்டு, மூச்சுத் திணறியபடி வானொலியில் மனைவியோடு பேசுகிறான். நிமிர்ந்து பார்த்தேன், எங்கோ கண்ட முகம். திரையின் கீழே தமிழில் எழுத்து ஓடியது: "கோழிக்கூட்டை மூடிவிடு. நரி வரும்."

அந்த இடத்தைத் திரும்ப ஓடவிடச் சொன்னேன். மூன்று தரம் பார்த்தேன். இந்தத் தமிழை எழுதினவன் சரியாகத்தான் எழுதினானா என்று கேட்டேன். "அப்பா, படத்திலயுமா பிழை பிடிக்கிறீங்க?" என்று சலித்துக்கொண்டு மகள் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்காட்டினாள். கோழிக்கூடுதான். நரிதான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

நீ போன மாரிமழைக் காலத்தோடு போய்விட்டாய். உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம். சண்டை நின்று சமாதானம் வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்ட காலம். இரவு முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு கூட்டமாக இருக்கலாம் என்பதே அப்போது புதுமை. அந்தத் துணிச்சலில்தான் பொடியன்கள் 'விடிய விடிய விஞ்ஞானப் படம்' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலு படம், நாலும் ஆங்கிலம், கீழே எழுத்து ஒன்றும் கிடையாது. எங்களில் முக்கால்வாசிப் பேர் பனிச்சங்கேணி, பெரியகல்லாறு என்று வாவிக்கரை ஊர்களில் இருந்து வந்தவர்கள். ஆங்கிலத்தைச் சோதனைக்கு மட்டும் தொட்டவர்கள். மைக்கைப் பிடித்துக் கதையைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் உன்னைக் காட்டினார்கள்.

ஏனென்றால் நீ போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை. பெயரின் பின்பாதி வெள்ளைக்காரப் பெயர். எங்கள் ஆட்களுக்கு அது போதும். உன் வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசியது பழைய போர்த்துக்கீசம், மற்றப்படி எங்களைப் போலத் தமிழ்தான் என்பதையும், உன் அப்பா பட்டறையில் கூரைத் தண்ணீர் வடியும் தகரப் பீலியும் வாளியும் அடிக்கிறவர் என்பதையும் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். உன் வீட்டில் எத்தனையோ நாள் சோறு தின்றவன் நான். அங்கே ஒரு ஆங்கிலப் பேப்பர்கூடக் கண்டதில்லை. நீயோ மறுக்காமல் தலையை ஆட்டினாய். எனக்கு அந்த நிமிடமே சந்தேகம் பிடித்துவிட்டது.

என் புத்தி உனக்குத் தெரியும். ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், யார் என்று கேட்பதற்கு முன்பு விளக்கை அணைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடைக்காரர் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடச் சிரித்தால் அம்மா இரண்டு நாள் அதையே யோசிப்பார். நீ எத்தனையோ தரம் என்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறாய், பிளேன்டீக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை நீ பின்னேரங்களில் காணாமல் போனாய். காலையில் கண் சிவந்து வந்தாய். எங்கே போகிறாய் என்றால் "ஒரு அலுவல்" என்றாய். ஒருநாள் சைக்கிளில் உன் பின்னால் வந்தேன். இதையும் உனக்குச் சொன்னதில்லை. டவுனில் ஒரு வீட்டுக்குள் போனாய். கையில் தடித்த புத்தகம் ஒன்று. ஜன்னலில் நீல வெளிச்சம் ஆடியது. அரை மணித்தியாலம் மதிலோரம் நின்று நுளம்புக்கடி வாங்கி, இது பெட்டை விசயம், இல்லையென்றால் அதைவிட மோசமான விசயம் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினேன். அந்தப் புத்தகம் அகராதியாக இருக்கும் என்றோ, உள்ளே ஓடுவது நாங்கள் போடப்போகிற அதே படமாக இருக்கும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை.

படம் போட்ட இரவு, மண்டபத்து ஜன்னல்களை எல்லாம் விடுதிப் போர்வைகளால் மூடினோம். திரைக்கு இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்தார்கள். நுளம்புத்திரிப் புகையும் இஞ்சி போட்ட பிளேன்டீ வாசமும் கலந்து கிடந்தன. நீ திரையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் மைக்கோடு இருந்தாய். முதல் படத்தில் வானத்தில் இருந்து இறங்கியதை, கவிழ்த்துவிட்ட தாச்சிச் சட்டி மாதிரி ஒன்று வருகிறது பாருங்கள் என்றாய், மண்டபம் சிரித்தது. நான் சிரிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஒருவன் நீளமாகப் பேசினால் நீ இரண்டு சொல்லில் முடித்தாய். அவன் இரண்டு சொல் சொன்னால் நீ நீட்டி முழக்கினாய். கள்ளன் பிடிபட்டான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது படத்தில்தான் அந்தத் தனி மனிதன் வந்தான். நேரம் இரண்டு மணி தாண்டியிருக்கும். பாதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள். அவனுக்குக் காற்று முடிந்துகொண்டு வருகிறது, இனிப் பூமிக்கு வரமாட்டான் என்பது மனைவிக்கும் தெரியும். அவன் ஏதோ சொன்னான். நீ மைக்கைக் கிட்டப் பிடித்து மெல்லச் சொன்னாய்: "கோழிக்கூட்ட மூடிப்போடு புள்ள. நரி வரும்."

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். சாகப்போகிற விண்வெளிக்காரன் கோழிக்கூட்டைப் பற்றிப் பேசுவானா? வெள்ளைக்காரன் வாயில் எங்கள் வயல்வட்டைப் பக்கத்துக் கதையை நீ வைக்கிறாய் என்று நினைத்தேன். நீ இருட்டுக்குள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். என் சிரிப்பு உனக்குத் தெரியும்.

விடிந்த பிறகு குழாயடியில் முகம் கழுவும்போது கேட்டேன், உனக்கு இவ்வளவு ஆங்கிலம் எங்கால வந்தது என்று.

"தேவைப்பட்டளவு தேடி எடுத்தன், மச்சான்" என்றாய்.

மழுப்புகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையை நீ நேராகச் சொல்லியும் அது எனக்கு உறைக்கவில்லை.

இனிச் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது. தெரிந்திருக்கலாம் என்றும் எனக்குச் சந்தேகம். நாலைந்து நாளில் எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர் சேர் என்னை நடைபாதையில் மறித்தார். வெளிநாட்டில் இருந்து ஒரு ஆய்வுக் குழு வருகிறதாம், வாவி மீன்பிடியைப் பற்றி. தோணிக்காரரோடு பேச மொழிபெயர்க்க ஒரு மாணவன் வேண்டும், மூன்று வருட வேலை, பிறகு அவர்களுடைய நாட்டிலேயே படிக்கவும் இடம் கிடைக்கலாம். பொடியன்கள் எல்லாம் உன் பெயரைச் சொல்கிறார்கள் என்றார். "உம்மட கூட்டாளிக்கு உண்மையா இங்கிலீசு ஓடுமோ?"

இப்படி ஒரு வேலைக்கு நீ எவ்வளவு ஏங்கினாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சுத்தியலை உன் கையில் தந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தாய். அது தெரிந்தும் சொன்னேன்: "சந்தேகம்தான் சேர்."

அதோடு விட்டிருக்கலாம். கோழிக்கூட்டுக் கதையைச் சாட்சியாக எடுத்து விட்டேன். உன் குரலிலேயே நடித்துக் காட்டினேன். சேர் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். வேறொரு பொடியன் போனான்.

பொறாமையா என்று இந்தக் கிழமை முழுக்க என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. மண்டபமே உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நான் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற பெருமைப் புளுகம். தகரம் அடிக்கிறவரின் மகனுக்கு ஆங்கிலம் வராது என்று நான் நிச்சயமாக நம்பினேன். பெயரைப் பார்த்து உன்னை நம்பினவர்களைப் பார்த்துச் சிரித்த நான், பட்டறையைப் பார்த்து உன்னை நம்பாமல் விட்டேன். வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

வேலை உனக்கில்லை என்ற செய்தி வந்த அன்று, "சேர் ஆரிட்டயோ விசாரிச்சிரிக்கார்" என்றாய். யாரிடம் என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. "ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனாய். படித்து முடித்து, வேலைக்கு எழுதி எழுதிக் களைத்து, கடைசியில் பட்டறைக்குத்தான் போனாய். என் வீட்டுப் பீலி நீ அடித்தது. இருபது வருடம் வந்தாய், போனாய், என் மகளுக்குக் கேக் தட்டுச் செய்து தந்தாய். நீ ஒருநாளாவது என்னோடு கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபிக்காததையும் நான் சந்தேகப்பட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு, என்னை எங்கோ வைத்துத் திருப்பி அடிக்கப் போகிறாய் என்று பல வருடம் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு இதையெல்லாம் மனைவியிடம் கொட்டினேன். கடைசியில் அவள், எங்கள் கலியாணம் பேசின காலத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். பெண் கொடுக்கும் முன்பு எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி மறைவாக விசாரிப்பார்கள் அல்லவா? அவளுடைய அண்ணன் பீலி அடிக்கக் கொடுக்க வந்தவர் மாதிரி உன் பட்டறைக்கு வந்திருக்கிறார். பேச்சோடு பேச்சாக என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஆள் எப்படி, நம்பலாமா என்று.

நீ தட்டிக்கொண்டிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாயாம். "அவன் எல்லாரையும் சந்தேகப்படுவான்" என்றாயாம். "அவனச் சந்தேகப்படத் தேவையில்ல. தாராளமாக் குடுங்க."

இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். "சொன்னா அதையும் சந்தேகப்படுவீங்க" என்றாள். அது சரிதான்.

மற்ற மூன்று படங்களையும் தேடி எடுத்துத் தரட்டுமா என்று மகள் நேற்றுக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவற்றிலும் நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். என்னைப் பற்றி என் மனைவியின் அண்ணனிடம் சொன்னது ஒன்றைத்தான் நீ பிழையாகச் சொன்னாய். நான் சேரிடம் சொன்னதைத் தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று நான் இனிக் கேட்கமாட்டேன். நீ சொன்ன அந்தப் பிழையை நம்பித்தான் எனக்கு ஒரு பெண்ணைத் தந்தார்கள், இந்த வீட்டில் என்னை அப்பா என்று கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறாள்.