வேலி தாண்டிய கம்புக்குக் கேட்ட கடன்

நானூற்றுப் பதினேழு பொன்னும் மூன்று பணமும் எம் குடிகள் தமக்குத் தரவேண்டும் என்று ஓலை விடுத்தருளிய ஏழ்மாட நாட்டுப் பேரமைச்சர், வித்துக்கூடத் தலைவர், மன்னர் வலக்கை நின்று முறைசெய்யும் மேன்மை பொருந்திய கூத்தரையர் அவர்கள் திருமுன், கரட்டுநாடு காக்கும் கோமகள் நறுங்கொன்றை அரசியார் நலம் வினவி விடுக்கும் மறுமொழி. தங்கள் ஏரிகள் நிரம்பிக் கடைவழிக. தங்கள் பட்டிகள் பெருகுக. தங்கள் மன்னர் குடை குறைவின்றி நிழல் தருக.

எல்லைக்கல்லின் வாசகத்தை அவையில் சொன்னவனே மறுமொழியும் எழுதட்டும் என்பது அரசியார் கட்டளை. ஆகையால் இதை எழுதுகிறவன் களத்தில் கதிரடிக்கும் கூலி மாசாணன். ஐம்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன். விடிந்ததுமுதல் தடி பிடித்த கையால்தான் எழுத்தாணியும் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாம், ஆணை கோணாது.

தங்கள் வித்துக்கூடத்து அறிஞர்கள் வேம்பின் கசப்பைக் கம்பின் தண்டுக்குள் ஏற்றினார்கள். தண்டு கசக்கும், தானியம் கசக்காது, குருத்துப்புழு கிட்டவே வராது. அந்தக் கம்புக்குக் கணு ஊதா நிறம். அதை விதைப்பவர் ஆண்டுதோறும் தங்களிடமே விலைகொடுத்து வாங்க வேண்டும், விதைக்கென்று ஒரு கதிரும் எடுத்துவைக்கக் கூடாது என்பது தங்கள் விதி. எம்மவர் அதில் ஒரு படிகூட வாங்கியதில்லை. ஆனால் கம்பு பூத்தால் பூந்தூள் காற்றோடு போகும், எல்லை பார்த்து நிற்காது. எம் பெண்டிரோ விதைக்கதிரைக் களத்தில் பொறுக்குகிறவர்கள் அல்லர். நிற்கும் பயிருக்குள் நடந்து, புழு தொடாத கதிராகப் பார்த்து ஒடித்து, அடுப்புக்கு மேலே புகையில் கட்டிவைப்பார்கள். வழிவழியாக வந்த பழக்கம் அது. அப்படிப் பொறுக்கிப் பொறுக்கியே, தமக்கே தெரியாமல், மூன்று வெள்ளாமைக்குள் முப்பத்தொன்பது குடிகளின் காடுகளிலும் தங்கள் ஊதாக்கணுவை நிறைத்துவிட்டார்கள்.

பயிர் கதிர் வாங்கிய வேளையில் தங்கள் தூதர் எம் அவைக்கு வந்தார். கணுவைக் காட்டி, அறுவடைக்குமுன் பொன் வைக்காவிட்டால் நின்ற பயிரை அறுத்துக்கொண்டு போவோம் என்றார். காற்று கொண்டுவந்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று முறையிட்டோம். கொண்டுவந்தது காற்றுதான், தேர்ந்து எடுத்துவைத்தது உங்கள் கையல்லவா என்று அவர் மடக்கினார். அவர் சொன்னது உண்மையும்கூட. அவ்வாண்டுக் கூழ் முழுவதும் அந்தப் பயிரில்தான் நின்றது.

அப்போது பின்வரிசையிலிருந்து எழுந்தவள் கம்புக்காட்டுக்காரி அங்காயி. அவள் கேட்டதை அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுக என்று அரசியார் பணித்தார்: "ஏனுங்க தூதரய்யா, போன வருசம் எங்கூர்க் காளைக வேலியத் தாண்டி உங்க பட்டிக்குள்ள பூந்துச்சே, பொறந்த கன்னுக்கெல்லாம் எத்தன பொன் குடுத்தீங்க?"

அவை சிரித்தது. தூதர் சிரிக்கவில்லை. ஏனெனில் கன்றுகள் பதினொன்று. அவற்றைத் தங்கள் மன்னரே வைத்துக்கொண்டார், இரு நாட்டாரும் கூடி நாட்டிய எல்லைக்கல்லின் விதியைக் காட்டியே வைத்துக்கொண்டார். அந்தக் கல்லின் நிழலில்தான் நான் நாள்தோறும் கஞ்சி குடிப்பவன். அதன் வரிகளில் விரல் வைத்துத்தான் எழுத்தே கற்றேன். ஆகவே ஏடு பாராமல் சொன்னேன்: வேலி தாண்டிய காளையால் பிறந்த கன்று, பசுவை உடையார்க்கே உரியது, அக்கன்றை அவர் விரும்பி வளர்த்தாலும் அவ்வாறே, வேலி தாண்டியதற்கான வேலிக்கூலி தரவேண்டியவர் காளையை உடையார். தூதர் கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனோம். விரும்பி வளர்த்தாலும் என்ற வரியில் அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

வித்தின் இயல்பை மாற்றுவது தகுமா என்றும் அவையில் வழக்காடினார்கள். அரசியார் தீர்ப்பு இது. புழுவுக்குப் பாதி, குடிக்குப் பாதி என்றிருந்த கம்பு இப்போது முழுதும் குடிக்கே வருகிறது. மூன்றாண்டு அதன் கூழைக் குடித்தோம், ஆடுகள் தட்டையைத் தின்றன, தீங்கு ஒன்றும் காணவில்லை. இனியும் பார்த்துக்கொண்டே இருப்போம். தங்கள் அறிஞர் செய்தது நல்ல வேலை, செய்யத்தக்க வேலை. ஆனால் காற்றில் பறப்பதற்கு உடையவர் என்று ஒருவர் இல்லை. புதுவித்து வேண்டாம் என்று நிற்கும் மேற்குக்கரட்டாரின் பழங்கம்பும் கெடக்கூடாது. அவர்கள் விதைத்து இருபது நாள் சென்றபின்பே மற்றவர் விதைக்க. இரண்டும் ஒருசேரப் பூவாதிருக்கட்டும். இனி எந்தப் புதுவித்தையும் எல்லையருகே ஊன்றுமுன் இருபுறத்துக் குடிகளையும் கேட்டே ஊன்றுக.

அறுவடை முடிந்தது. முப்பத்தொன்பது களத்திலும் கம்பு ஆளுயரம் குவிந்துகிடக்கிறது. அடித்து அடித்து என் தோள் கழன்றுபோயிற்று. இப்படி ஓர் இனிய அலுப்பு என் ஆயுளில் வந்ததில்லை. பூந்தூளே வேலி தாண்டிய காளை என்றால் தாங்கள் தரவேண்டிய வேலிக்கூலியைக் கேட்பதா விடுவதா என்று அரசியார் அங்காயியையே கேட்டார். தங்கள் கம்பு புழுவை ஓட்டிய கூலியில் அது கழிந்தது என்றாள்.

பின்பு அவைநடுவே தங்கள் கடனோலையை அவளே நெடுகக் கிழித்தாள். ஒரு பாதி அவள் அடுப்புக்கு மேலே விதைக்கதிரைக் கட்டியிருக்கிறது. மறுபாதியால் ஊதாக்கணுவோடு ஒரு கதிரைக் கட்டி இத்துடன் அனுப்புகிறோம். விதைத்துக்கொள்க, விலை இல்லை.

கலப்பை முத்திரை இட்டோம். இது கரட்டுநாட்டு ஆணை. கல் நிற்கும் நாள்வரை நிற்க. நானூற்றுப் பதினேழு பொன், மூன்று பணம்: தீர்ந்தது.