தாய்லாந்துச் சோதினையும் அலுமாரி இடுக்கும்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிவரை ஒழுங்கையின் அந்தப் பக்கம் தெரியவில்லை. இரண்டு வாட்டர் பம்பு திருத்த வந்தன. ஒன்றுக்கு வால்வு பிழை. மற்றதுக்கு வயது.

இது மகள் தர்சினி தாய்லாந்து எழுத்துப் பழகிய கொப்பி. பின்பக்கங்கள் வெறுமை. வீணாக்குவானேன் என்று எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. நாற்பத்து நான்கு மெய்யெழுத்தாம், எல்லாம் தூண்டில் முள் மாதிரி. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியே விடமாட்டார்களாம். மூச்சு எங்கே விடுகிறார்களோ.

சோதினைக்குப் பத்து நாள். வீட்டில் இருந்தே கணினியில் எழுதலாம். பாஸ் என்றால் அங்கே நண்டு வளர்ப்புப் படிக்க இடம், இரண்டு வருடம். ஃபெயில் என்றால் இங்கேதான்.

என் வேலை: சோதினை எடுப்பவராக நடிப்பது. கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருக்கிறாள். நான் கேட்க, அவள் பதில் சொல்வாள். ஓ.எல். சோதினையில் இரண்டு தரம் கணக்கில் விழுந்தவன் இன்றைக்குப் பட்டதாரியைச் சோதிக்கிறேன்.

"குன் சூ அராய்?" பெயர் என்ன என்று அர்த்தம்.

"அப்பா, மறிச்சு வைச்சு விசாரிக்கிற மாதிரிக் கேக்காதேங்கோ. கொஞ்சம் சிரியுங்கோ."

சிரித்துக்கொண்டு கேட்டேன். இன்னும் பயமாக இருக்கிறதாம்.

பெப். 5, வியாழன்

வெயில். முதுகு உளைவு. கந்தையா அண்ணையின் பம்பு மூன்றாம் தரம் வந்திருக்கிறது.

இந்தப் பாஷையில் ஒரே சொல்லை ஐந்து விதமாக இழுக்கலாம், ஐந்துக்கும் வேறு வேறு அர்த்தம். தர்சினி (இனி தர்.) போனில் தாய்லாந்துக்காரரின் குரலைப் போடுவாள், பிறகு தன் குரலைப் போடுவாள். எங்கே பிழை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது.

"அவை ஏறிப்போய் விழுத்துகினம். நீ ஏறி நிண்டிட்டாய்."

திரும்பச் சொன்னாள். சரி.

"எப்பிடி அப்பா கண்டுபிடிச்சனீங்கள்?"

எப்படியென்றால், முப்பது வருடம் பம்பு கேட்ட காது. ஸ்டார்ட் பண்ணினவுடன் எது இழுக்கிறது, எது விக்குகிறது என்று சொல்லுவேன். அரை மணித்தியாலம் ஒரே பெருமை. பிறகுதான் நினைத்தேன். பம்பு நன்றாக ஓடத் தொடங்கினால் ஆள் கொண்டு போய்விடும். திருத்தியவனுக்கு அதோடு சரி.

கந்தையா அண்ணை படலையில் நின்று கேட்டுவிட்டு, "என்ன தம்பி, தேப்பனும் மகளும் ஆருக்குச் செய்வினை வைக்கிறியள்?"

மத்தியானம் தர். மயிலிட்டியிலிருந்து போன். துறைமுகத்தில் மீன் கணக்கெடுக்கிற தற்காலிக வேலை அவளுக்கு. "அப்பா, சோதினைக்கு நேரம் பதியிற இடம் முடிஞ்சு கொண்டு வருதாம். என்ரை கொம்பியூட்டரைத் திறந்து பதின்மூண்டாந் திகதி வெள்ளிக்கிழமையிலை ஒரு நேரத்தை அமத்திவிடுங்கோ." மூன்று நேரம் இருந்தது: 9.10, 10.40, 12.10. கலண்டரைப் பார்த்தேன். வெள்ளி ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. 9.10 என்றால் எழுதிக்கொண்டிருக்கும்போதே ராகுகாலம் தொடங்கும். 12.10 அமத்தினேன். ராகு போய்ப் பத்து நிமிடம் உபரி. இந்த வீட்டில் யோசித்து வேலை செய்ய ஒரு ஆள் இருக்கிறான்.

பெப். 8, ஞாயிறு

மூத்த மகன் பாரிஸிலிருந்து வீடியோ கோல் எடுத்தான். கொழுத்து நாடி இரண்டாகியிருக்கிறது. "ரெண்டே வருசம் அப்பா" என்று சொல்லிப் போனவன். ஒன்பது முடிந்துவிட்டது. காலநிலை கதைத்தோம்.

தர். பற்றி அவள் தாய் யோகாவிடம் மெதுவாகத் தொடங்கினேன். மனிசி முழுக்கக் கேட்கவில்லை.

"பெட்டை போகட்டும். இஞ்சை இருந்து உங்கடை பம்புக்கு கிறீஸ் பூசவோ?"

சரிதான். பின்னேரம் ஒழுங்காக எழுதிப் பார்ப்போம் என்று இருந்தேன்.

போக வேண்டிய காரணம்:
1. படிப்பு.
2. அவளுக்கு விருப்பம்.
3. இங்கே நிரந்தர வேலை இல்லை.
4. கெட்டிக்காரி.
5. தாயும் சம்மதம்.

போகக்கூடாத காரணம்:
1.

ஒன்று என்று இலக்கம் போட்டுவிட்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

பெப். 12, வியாழன்

நாளை. விதிமுறைகளை தர். வாசித்துக் காட்டினாள். அறைக்குள் வேறு ஆள் கூடாது. வேறு சத்தம் கூடாது. கமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு அம்மா நேரே கதைப்பார்.

அந்த அம்மாவின் பெரிய கேள்வி, ஏன் எங்கள் நாட்டுக்கு வந்து படிக்க ஆசை என்பது. எனக்கு மனப்பாடம். தர். அதற்கு ஏழு வசனம் தயார் செய்திருக்கிறாள். அதுவும் எனக்குச் சத்தத்தை வைத்து மனப்பாடம். ஏழாவது: படித்து முடித்து வீட்டுக்குத் திரும்புவேன். "க்லப் பான்" என்று முடியும். எனக்குப் பிடித்த வசனம்.

"பிள்ளை, ஏழாவதைத் திரும்பச் சொல்லு."

"அது சரியாத்தானே வருது?"

"கொஞ்சம் இழுக்குது."

பொய். ஒரு இழுப்பும் இல்லை. ஆறு தரம் சொல்ல வைத்தேன்.

பெப். 13, வெள்ளி. பின்னேரம்



பத்து இருபத்தைந்துக்கு தர். முழுகிவிட்டுத் தலையில் துவாயோடு வருகிறாள். போனில் ஏதோ வந்தது. பார்த்தாள். கத்தினாள்.

"அப்பா! அது தாய்லாந்து நேரம்! எங்கடை நேரம் பத்து நாப்பது!"

ஒன்றரை மணித்தியாலம் வித்தியாசமாம். ராகுகாலத்துக்குத் தப்ப வைக்கிறேன் என்று அதன் வாய்க்குள்ளேயே கொண்டுபோய் இருத்தியிருக்கிறேன். 9.10ஐ அமத்தியிருந்தால் எங்கள் நேரம் ஏழு நாற்பது, ராகு தொடங்க எவ்வளவோ முதல் எழுதி முடித்திருப்பாள்.

வீடு தலைகீழ். யோகா இஸ்திரி போட்ட சட்டையைத் தேட, தர். ஈரத் தலையைக் கட்ட, நான் பிளக் லூஸ் என்று அறைக்குள் ஓடினேன். மேசைக்குக் கீழே குனிந்து பிளக்கை அழுத்தி நிமிர்கிறேன், மேலே ஒரு பொம்பிளைக் குரல்: "சவத்தீ கா." வணக்கம். தர். கதிரையில், கமரா வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

கதவுக்குப் போவதென்றால் கமராவுக்கு முன்னால் போக வேண்டும். மற்றப் பக்கம் அலுமாரி. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு இடுக்கு. நுழைந்தேன். வயிற்றைப் பிறகு உள்ளே எடுத்தேன். தர். ஒருதரம் கடைக்கண்ணால் பார்த்தாள். அசையாதேங்கோ என்று அர்த்தம்.

ஒரு மணித்தியாலம் நின்றேன். கால் விறைத்தது. மூக்குக் கடித்தது. அவள் எழுதுகிற டக் டக் மட்டும்.

பிறகு அந்த அம்மா வந்தார். என்னுடைய கேள்விகளைக் கேட்டார். பெயர் என்ன. ஆரோடு இருக்கிறீர்கள். என்னைவிட வடிவாகக் கேட்டார். தர். பதில் சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியாது. பழகும்போது தட்டித் தடவிச் சொல்லுவாள், இது ஓடுகிற குரல். எங்கள் வீட்டில் இல்லாத ஒரு பிள்ளை கதைக்கிற மாதிரி. பெருமையில் நெஞ்சு முட்டியது. இடுக்குக்குள் அதற்கும் இடமில்லை.

பெரிய கேள்வி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலில் எண்ணினேன். ஆறு வசனம் வந்தது. ஏழாவது வரவில்லை. காத்திருந்தேன். வரவில்லை.

அந்த அம்மா வேறு ஏதோ கேட்டார், என் கடுதாசியில் இல்லாதது. தர். சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் ஒருதரம், அவர்கள் பாஷையில் அப்பா என்கிற சொல். அது எனக்குத் தெரியும். மற்றது ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது இருமினேன்.

தூசி. அலுமாரிக்குப் பின்னால் தூசி. ஒருதரம் இல்லை, மூன்று தரம்.

அந்த அம்மாவின் குரல் மாறியது. தர். தாய்லாந்தில் ஏதோ சொன்னாள், பிறகு இங்கிலிசில்: "மை ஃபாதர். சொறி. மை ஃபாதர்." நான் கையைக் கூப்பிக்கொண்டு வெளியே வந்தேன். திரை கறுத்துவிட்டது.

பெப். 14, சனி

தர். ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏன் அப்பா?"

"தூசி பிள்ளை."

பிறகு சாப்பிட்டாள், கோப்பை கழுவினாள், அறைக்குள் போனாள். ஏசினால் நல்லது.

யோகா ஏசினாள். "ஒரு இருமலை அடக்கேலாதே? உங்கடை தங்கச்சியின்ரை மனுசன் பாடேக்கை சிரிப்பை அடக்கிறியள், இதை அடக்கேலாதே?"

மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் போனேன். சனம் அதிகம். கற்பூரம் கொளுத்தினேன், கண்ணை மூடினேன். அவள் பாஸாக வேண்டும் என்று கேட்க வாய் வந்தது, மனம் வரவில்லை. பாஸாகக்கூடாது என்று கேட்க வாயும் வரவில்லை. ஒன்றும் கேட்காமல் வீபூதியைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கும் குழப்பமாக இருந்திருக்கும்.

கந்தையா அண்ணையின் பம்புக்கு ஏதோ யோசனையில் வோஷரை மாறிப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நாலாம் தரமும் வரும்.

பெப். 17, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. தர். வாசலில் நின்று, மூன்று நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, மொழிபெயர்த்தாள். புள்ளி போதும். பாஸ். ஆனால் அறைக்குள் ஆள் இருந்தபடியால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் தனியாகக் கமராவுக்கு முன்னால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். திருப்தி என்றால் விடுவார்கள். இல்லையென்றால் ஒரு வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது, இடமும் போய்விடும்.

"நீங்கள் சொல்லுறதிலைதான் கிடக்கு அப்பா."

இவ்வளவு காலமும் ஒருவருமே என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஏன் இப்போது சொல்கிறார்கள்.

பெப். 19, வியாழன்

காற்று. யன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.

பத்து மணி. எங்கள் நேரம்தான், மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். மேலே வெள்ளைச் சேர்ட், கீழே சாரம். இம்முறை தர். வெளியே, நான் உள்ளே. கதவைச் சாத்தும்போது, "வடிவாச் சொல்லுங்கோ அப்பா" என்றாள். பழையபடி கதைக்கிற குரல்.

அதே அம்மா. வயதில் யோகாவைப் போல இருப்பார். அவருக்கும் இங்கிலிஸ் என்னளவுதான். அதனால் இரண்டு பேருக்கும் மரியாதை தப்பியது.

எங்கே நின்றனீர்கள், காட்டுங்கள் என்றார். கமராவைத் திருப்பிவிட்டு இடுக்குக்குள் நுழையப் பார்த்தேன். போகவில்லை. பாதி வயிறு வெளியே. அன்றைக்கு எப்படிப் போனேனோ. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்தீர்களா?

"நோ மேடம். ஐ பம்ப் மெக்கானிக்."

அதை எழுதிக்கொண்டார். பிறகு, ஏன் இருமினீர்கள் என்றார்.

"டஸ்ட், மேடம்."

அதையும் எழுதினார். பேனையை வைத்துவிட்டு, கடைசியாக, கடிதத்தில் இருக்காத ஒரு கேள்வி மாதிரி மெதுவாகக் கேட்டார். மகள் எங்களிடம் வருவது அப்பாவுக்கு விருப்பமா?

யன்னல் இரண்டு தரம் அடித்தது. கதவுக்கு வெளியே தர். நிற்கிற நிழல், கீழ் இடுக்கால் தெரிந்தது.

"யெஸ்" என்றேன். கேட்கவில்லைப் போல. காதைக் கிட்டக் கொண்டு வந்தார். இன்னொருதரம் பலமாகச் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

சரியாம். விடுகிறார்களாம்.

கதவைத் திறந்தேன். தர். என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். யோகா குசினிக்குள் இருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். என்ன கேட்டவை, என்ன சொன்னனீங்கள் என்று இரண்டு பேரும் ஒன்றாக.

"ஏன் இருமினனீர் எண்டு கேட்டவை. அலுமாரிக்குப் பின்னாலை தூசி எண்டன்."

யோகாவின் முகம் மாறியது.

"தூசியோ? என்ரை வீட்டிலையோ? வெளிநாட்டுச் சனத்திட்டைச் சொன்னியளோ? கமராவிலை தெரியுமெண்டு சோதினைக்கு முதல் நாள் அந்த அலுமாரியை இழுத்துக் கழுவினனான். வாங்கோ, ஒரு நுள்ளுத் தூசி எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்!"

தர். தோளிலிருந்த கையை எடுக்கவில்லை. சிரிப்புத்தான் நின்றுவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.