கேட்டாலும் கொடுக்கக் கூடாத சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் அம்மாவின் குரலுக்கும் ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் உன் போன் வந்ததும் அது அம்மா கைக்குப் போய்விடுகிறது, என் முறை வரும்போது நீ சரிப்பா வெச்சிடறேன் என்கிறாய். அதனால் என் பரீட்சைக் கதையை எழுதியே அனுப்புகிறேன்.

சலவைக் கம்பெனியில் துணி மடிக்கிற மெஷின் வந்ததும் மடிக்கிற எங்களுக்கு வேலை போய்விட்டது உனக்குத் தெரியும். ஃபோர்மேன் என்னை மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகப் போட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார். செய்முறைப் பரீட்சையில் பாஸ் ஆனால் வேலை நிரந்தரம், ஆகாவிட்டால் வீட்டுக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கே என்னோடு படித்த பையன்கள் எல்லாம் உன்னைவிடச் சின்னவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

பரீட்சை வைத்த மேடத்துக்கு உன் வயசுதான் இருக்கும். ஒரு மோட்டாரின் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து புது ஸ்விட்ச் மாட்ட வேண்டும். மாட்டுவது பெரிய காரியம் இல்லை, அதற்கு முன்னால் கரண்டை நிறுத்துகிற விதம்தான் பரீட்சையே. அந்த மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற பிரேக்கர் எது என்று பார்த்து இறக்கினேன், யாரும் மறுபடி ஏற்றிவிடாதபடி அதற்குப் பூட்டுப் போட்டேன், ஆள் வேலை செய்கிறார் என்ற அட்டையைத் தொங்கவிட்டேன், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற வேறு ப்ளக்கில் வைத்துப் பார்த்து, பிறகு என் பெட்டிக்குள் எல்லா முனையிலும் வைத்துப் பார்த்து, நடுவில் டெஸ்டரே செத்துப்போய் நம்மை ஏமாற்றியிருக்கக் கூடாதே என்று மறுபடியும் அந்த ப்ளக்கில் வைத்துப் பார்த்தேன். மேடம் தலையாட்டி டிக் போட்டுக்கொண்டே வந்தார். இரண்டு கையும் பெட்டிக்குள் இருக்கும்போது, "அண்ணே, அந்தச் சாவியக் கொஞ்சம் குடுங்க, பக்கத்து ரூம்ல கரண்ட் கேக்கறாங்க" என்றார். உன் அப்பன் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு கையை வெளியே எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டு, இந்தாங்க மேடம் என்று சிரித்தபடி சாவியை நீட்டினேன். இன்னொரு கை உள்ளேயேதான் இருந்தது. மேடம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேனாவை மூடினார். போதும்ணே, கைய எடுத்துருங்க என்றார். நீங்கதானே மேடம் கேட்டீங்க என்றேன். "நான் கேட்டா? நான் போய்ப் பூட்டத் திறந்து கரண்டப் போட்டிருந்தா உங்க கை என்னண்ணே ஆகியிருக்கும்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஃபெயில். மறுபரீட்சை ஒரே ஒரு தடவை உண்டு, அதிலும் போனால் வேலையும் போச்சு.

அம்மாவிடம் வந்து சொன்னேன், ஆச்சரியமே படவில்லை. "சாவியக் கேட்டதோட விட்டாங்களே, சட்டையக் கேட்டிருந்தா அதையும் கழட்டிக் குடுத்துட்டு வந்திருப்பீங்க" என்றாள். அன்றையிலிருந்து வீட்டில் எனக்கு டிரெயினிங். பீரோ சாவியை என் பையில் போட்டுவிட்டு, நான் அசந்த நேரமாகப் பார்த்துக் கேட்பாள். தலை துவட்டும்போது கேட்டாள், கொடுத்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள், கொடுத்தேன். என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசர் மாதிரி அதட்டினாள், எழுந்து நின்று கொடுத்தேன். பரீட்சைக்கு முதல் நாள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கேட்டாள், முதல் தடவையாக மாட்டேன் என்றேன். ஐயோ, இது டிரெயினிங் இல்லீங்க, நிஜமாவே நல்ல புடவை எடுக்கணும் என்று கெஞ்சினாள், திட்டினாள், நான் அசையவில்லை. கட்டியிருந்த புடவையோடே கல்யாணத்துக்கு வந்தாள். வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது மட்டும், "நாளைக்கும் இப்படியே இருங்க" என்றாள்.

மறுபரீட்சையிலும் அதே மேடம். எல்லாவற்றையும் முன்போலச் செய்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். எப்போது கேட்பார் என்று காது அங்கேயே இருக்கிறது, அவரானால் கேட்கவே இல்லை. வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்த வசனம் எல்லாம் வீணா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஃபோர்மேன் உள்ளே வந்தார். "என்னய்யா இன்னும் முடியலயா, சாவியக் குடு, நான் போட்டு விடறேன், வேன் நிக்குது" என்று கையை நீட்டினார். என் வேலையே அந்தக் கையில்தான் இருக்கிறது. தர மாட்டேன் சார் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. என்னது என்றார். "கை உள்ள இருக்கு சார். நான் போட்ட பூட்ட நான்தான் எடுக்கணும். நீங்க வெளிய நில்லுங்க சார்" என்றேன். வெளியே நில்லுங்கள் என்பது ஒத்திகையில் கிடையாது, தானாக வந்துவிட்டது. மேடம் ஏற்பாடு செய்த நாடகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகு பார்த்தால் எங்களைக் கூட்டிப்போக நிஜமாகவே வாசலில் கம்பெனி வேன் நிற்கிறது! பாஸ் போட்டுவிட்டார்கள், கம்பி அடுக்கியது அலங்கோலம் என்று அதற்கு மட்டும் மார்க் குறைவு. வேனில் ஃபோர்மேன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார். கம்பெனி வாசலில் இறங்கும்போதுதான், "ஒண்ணாந்தேதிலேருந்து நீ எலக்ட்ரீஷியன். என்னை வெளிய நிக்கச் சொன்னத யார்கிட்டயும் சொல்லாத" என்றார். நான் உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. இந்தத் தடவையும் மேனேஜர் கேட்டார் என்று உன் லீவை வேறொருத்திக்கு விட்டுக் கொடுத்துவிட்டாயாமே. யார் பெற்ற பிள்ளை என்று கேட்கவே வேண்டாம். திட்டுவதற்கு எனக்குத் தகுதி போன வாரம்தான் வந்தது, அதனால் திட்டவில்லை. அடுத்து உனக்கென்று லீவு கிடைத்தால் யார் கேட்டாலும் கொடுக்காமல் புறப்பட்டு வா. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லையென்றால் அம்மாவுக்குப் போன் போடு, நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள்.

உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எப்போதும் நினைப்பு. உன் ரூமில் ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் ஒரே ப்ளக்கில் மாட்டாதே. இதை அப்பாவாகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
எலக்ட்ரீஷியன் (ஒண்ணாந்தேதியிலிருந்து)