வானூருக்குப் போகாத சுருள்

இன்று காலை ஐந்தாம் வகுப்பு பீரோவைத் திறந்தேன். போஸ்டர் கலர் வாடை ஈரத்தோடு முகத்தில் அடித்தது. உடனே மூடிவிட்டேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடி திறந்தேன், மறுபடி மூடினேன். போன வாரம் நீ போனதிலிருந்து எனக்கு இதே வேலைதான். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பீரோவில் இருக்கும் அந்தத் தாள்களுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து நீ வண்ணம் பூசிய நாள் நினைவிருக்கிறதா? வராந்தா முழுக்கக் காயப்போட்டாய். கடல் காற்று பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. மீதி அந்த ஈரத்தில் காயவே இல்லை. என் கணக்கு வகுப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டாய் என்று நான் கத்தினேன். "ஏய், கணக்கு எங்கயும் ஓடிடாதுடி. தாள்தான் ஓடுது, புடி," என்றாய். நானும் ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உப்புப் பாத்திக்குள் விழுந்த ஒன்றை எடுக்கப் போய், என் செருப்பெல்லாம் சேறு.

பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து அந்த ஓவியரைப் பற்றிச் சொன்னாய். கடல் கடந்த தேசத்துக்காரர், உலகமே கொண்டாடும் ஆள். வயிற்றில் ஆபரேஷன் ஆகி, நிற்க முடியாமல் போனதும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாராம். கட்டிலில் இருந்தபடியே வண்ணத்தாளை வெட்டுவார், கூட இருப்பவர்கள் அவர் காட்டிய இடத்தில் சுவரில் ஊசியால் குத்திவைப்பார்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பென்சிலால் வரைந்துகொள்ளாமல் நேராக வெட்டுவார் என்றதும்தான் வாயைப் பிளந்தார்கள். "தப்பா வெட்டிட்டா மிஸ்?" என்று கேட்டவள் முதல் பெஞ்சு சினேகா. "அதையும் ஒட்டிப் பாரு. அப்புறம் சொல்லு, தப்பான்னு," என்றாய்.

பிள்ளைகள் வெட்டி ஒட்டியதில் வகுப்புச் சுவர் பாதி நிறைந்திருந்தபோது நீ மயங்கி விழுந்தாய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

பரீட்சை முடியும்வரை பிள்ளைகளிடம் மூச்சுவிடக் கூடாது என்றார் ஹெச்.எம். உனக்கு வானூருக்கு மாற்றல் ஆகிவிட்டதாக வகுப்பில் அவரே சொன்னார். பொய் சொல்வதென்று ஆனபிறகு கொஞ்சம் தூரமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? தர்மபுரி என்றிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? வானூரில் சினேகாவின் அத்தை இருக்கிறாள்.

இன்று மத்தியானம் மிச்சமிருந்த தாள்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். மீன், நண்டு, எனக்குப் பெயர் தெரியாத என்னென்னவோ. பெரிய சார்ட்டில் ஒட்டி, சுருட்டி, நூல் கட்டி என் மேசைமேல் வைத்தார்கள். "அத்த ஞாயித்துக்கெழம வர்றாங்க மிஸ். அவங்ககிட்ட குடுத்தா நம்ம மிஸ்கிட்ட சேத்துடுவாங்க. எந்த ஸ்கூலுன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் சினேகா.

வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பள்ளியைச் சொல்வேன்? ஏதோ ஒன்றைச் சொன்னால் அந்த அத்தை வெயிலில் சுருளைத் தூக்கிக்கொண்டு போய், இல்லாத ஒருத்தியை விசாரித்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் எங்களில் யார் சொல்வதை நம்புவார்கள்? ஹெச்.எம். மேல் வந்த கோபத்தைவிட உன்மேல்தான் அதிகம் வந்தது. பாதிச் சுவரை என் தலையில் கட்டிவிட்டு இப்படியா போவது?

சொல்லிவிட்டேன். "மிஸ் வானூர்ல இல்லப்பா. ஆஸ்பத்திரியிலயே செத்துப் போயிட்டாங்க." அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். சில பிள்ளைகளும் அழுதார்கள். சிலர் நான் அழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெச்.எம். காதுக்குப் போகும், போகட்டும்.

சினேகா அழவில்லை. சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஓவியரு இருக்காரா மிஸ்?"

அவரும் இல்லை, உங்கள் ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோதே இறந்துவிட்டார் என்றேன்.

"மிஸ் அத சொல்லவே இல்லியே. இப்பதான் பாத்துட்டு வந்த மாதிரி இல்ல சொன்னாங்க."

உண்மைதான். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்கிறார், இந்த நீலம் போதாது என்கிறார் என்றெல்லாம், பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அவள் எழுந்து நூலை அவிழ்த்தாள். யாரும் சொல்லாமலே மற்றவர்களும் எழுந்து, நீ விட்ட இடத்தில் அந்தச் சார்ட்டைச் சுவரில் ஒட்டத் தொடங்கினார்கள்.

நாளைக்கு நீ எடுத்துவந்த நாலாம் வகுப்பின் ஓவியப் பாடம் எனக்கு வந்திருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்தால் கேட்காமல் விடமாட்டார்கள். கத்தரிக்கோல்காரரைப் பற்றி எப்படியோ சொல்லிவிடுவேன். உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தபடி மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும், 'நம்ம ஸ்கூல்ல ஒரு மிஸ் இருக்காங்க' என்றுதான் ஆரம்பிக்க வருகிறது.